தண்ணீர் குடிக்காத துண்டு

1. கன்னம்

நான் லாண்டரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி என் கையில் ஒரு வெள்ளைத் துண்டைக் கொடுத்து, "கன்னத்துல வச்சிப் பாரும்மா" என்றார்.

வைத்துப் பார்த்தேன். அப்பளத்தை எடுத்துக் கன்னத்தில் தேய்த்த மாதிரி இருந்தது.

"எப்டி இருக்கு?"

"மொரமொரன்னு இருக்கு சார்."

"அதான் நம்ம பேஜாரு. இந்த மொரமொரப்பு போச்சுன்னா நம்மள அடிச்சிக்க ஆளு கெடையாது."

விழுப்புரத்துக்கு வெளியே, திண்டிவனம் போகிற சாலையை ஒட்டி எங்கள் லாண்டரி. கடையில் சட்டை பேண்ட் வாங்கி இஸ்திரி போடுகிற லாண்டரி இல்லை. லாட்ஜ் பெட்ஷீட், மண்டபத்து மேசை விரிப்பு, ஆஸ்பத்திரி லினன் என்று மூட்டை மூட்டையாக வரும் இடம். நான்கு வாஷர், ஒரு ட்ரையர், மொட்டை மாடி முழுக்கக் கொடிக் கம்பி. எனக்குக் கொடுத்த வேலை செக்கிங். துவைத்து, காய்ந்து, மடித்து வருகிற துணியைப் பார்த்து "ஓகே" சொன்னால்தான் வண்டியில் ஏறும்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. குடித்துப் பார்த்தால் நாக்கு சொல்லிவிடும். அந்தத் தண்ணீரில் பவுடர் நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று ஆபரேட்டர் இன்னும் ஒரு கை போடுவார். போட்ட பவுடரை அலச ஒரு ரின்ஸ் போதாது. ஆனால் லோடு வரிசை கட்டி நிற்கும்போது இரண்டாவது ரின்ஸுக்கு யார் காத்திருப்பார்கள்? உப்பும் பவுடரும் நூலுக்குள்ளேயே உட்கார்ந்து காய்ந்துவிடும். துண்டு அட்டையாகிவிடும். இதெல்லாம் இப்போது எழுத வருகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் துண்டு மொரமொரக்கிறது, அதைச் சரிசெய்தால் முதலாளி என்னை மெச்சுவார் என்பது மட்டும்தான்.

கெமிக்கல் விற்பவர் ஒருநாள் நீல நிறத்தில் ஒரு கேன் கொண்டுவந்தார். ஃபேப்ரிக் சாஃப்ட்னர். கடைசி ரின்ஸில் ஒரு மூடி ஊற்றினால் போதும் என்றார். ஊற்றினோம். ட்ரையரைத் திறந்தபோது மல்லிகையும் சந்தனமும் கலந்த மாதிரி ஒரு வாசனை வந்து அடித்தது. துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். பூனைக்குட்டி வந்து உரசினாற்போல் இருந்தது. வாஷர் ஓட்டுகிற பாக்கியம் அக்கா கண்டாச்சிபுரத்துக்காரர், எதற்கும் லேசில் அசையாதவர். அவரே துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு, "கஸ்தூரி, இதுல படுத்துத் தூங்கலாம்டி" என்றார்.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. வருகிற ஆட்களிடமெல்லாம், "எங்க செக்கிங் பொண்ணு பேரே கஸ்தூரி. வாசனைய பத்தி அதுகிட்ட கேளுங்க" என்று சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது மெச்சினால் அதே வேலையை இரண்டு மடங்கு செய்வேன். ஒரு மூடி இரண்டு மூடியானது. இரண்டு மூன்றானது. முதலாளியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. தினமும் காலையில் ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஒரு துண்டை உருவிக் கன்னத்தில் வைப்பேன். கன்னம் சரி என்றால் ஓகே. எங்கள் லாண்டரியின் தரச் சான்று என் கன்னம்தான் என்று எனக்கு ஒரு மிதப்பு.

2. ஒரு சொட்டு

திண்டிவனத்தில் ஒரு பிரசவ நர்சிங் ஹோம் எங்கள் வாடிக்கை. என் வீடும் திண்டிவனம்தான். அதனால் செவ்வாய்க்கிழமைகளில் நான் நேராக அங்கே போய் லினனை எண்ணிக் கொடுத்து, குறை நிறை கேட்டுக்கொண்டு, அதே வண்டியில் விழுப்புரம் வருவது வழக்கம்.

அன்றைக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை. லேபர் ரூமுக்குப் பக்கத்து அறையில் நின்று துண்டுகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு பெண்ணின் கத்தல். பிறகு ஒரு நொடி எதுவும் கேட்கவில்லை. பிறகு குழந்தையின் அழுகை.

எத்தனை முறை கேட்டாலும் அந்த அழுகைக்கு எனக்குக் கை நின்றுவிடும். அதுவரை உலகத்தில் இல்லாத ஒரு குரல் திடீரென்று இருக்கிறது. இரண்டு பெற்றவள்தான் நான். இருந்தாலும் அந்தப் பிரமிப்பு எனக்குப் பழகவே இல்லை. கையில் துண்டை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

கதவு படாரென்று திறந்தது. ஸ்டெல்லா சிஸ்டர். அங்கே லேபர் ரூம் பொறுப்பு அவர்தான். இருபது வருடமாகக் குழந்தைகளை ஏந்திய கை. அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. வராந்தாவில் நின்ற ஒரு ஆளைப் பார்த்து, "யோவ், கொழந்தைய சுத்தறதுக்குப் பழைய வேட்டி எட்தாந்துக்கிறியா? ஜல்தி குடு" என்றார்.

அந்த ஆள் திருவக்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஆட்டோ ஓட்டுநர். எங்கள் பக்கத்தில் பிரசவத்துக்குப் போகும்போது துவைத்துத் துவைத்து மெலிந்த ஒரு பழைய வேட்டியைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டுதான் போவார்கள். ஆஸ்பத்திரியில் எல்லாம் கொடுக்கிறார்கள் என்றாலும் அந்த வழக்கம் விடவில்லை. அவர் பையைத் திறந்து வேட்டித் துண்டுகளை நீட்டினார். சிஸ்டர் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் கையில் பூப்போல மடித்த துண்டு அடுக்கு இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பழைய வேட்டியா?

கால் மணி நேரம் கழித்துத்தான் சிஸ்டர் வெளியே வந்தார். கையில் எங்கள் துண்டு ஒன்று.

"கஸ்தூரி, இங்க வா. இது துண்டா?"

"நம்ம துண்டுதான் சிஸ்டர்."

"நான் கேக்கறது அது இல்ல. இது துண்டான்னு கேக்கறேன்."

மேசையில் அதை விரித்தார். தம்ளரில் விரலை நனைத்து ஒரு சொட்டு விட்டார். சொட்டு விழுந்தது. உருண்டை கட்டி நின்றது. தாமரை இலையில் நிற்குமே, அப்படி. மேசையை லேசாகத் தட்டினார். சொட்டு உருண்டு ஓடி, விளிம்பில் இறங்கித் தரையில் விழுந்தது. துண்டில் ஈரத் தடமே இல்லை.

"மூணு துண்டு மாத்தினேன். தொடைக்கத் தொடைக்கத் தண்ணி அங்கயும் இங்கயும் போய்க்கினு இருக்குதே தவிர, துண்டுல ஏறல. பொறந்த கொழந்த ஈரமா கெடந்தா நிமிஷத்துல சில்லுனு ஆயிடும்மா. கை காலு நீலம் பாரிச்சிக்கினு வந்துச்சு. அந்த ஆளு வேட்டி இல்லன்னா நான் இன்னா பண்ணியிருப்பேன்?"

"கொழந்த...?"

"ஹீட்டர் கீழ வச்சிருக்கேன். சூடேறிக்கினு இருக்கு. பொழச்சிக்கும்."

அவர் இன்னொரு கையில் இருந்த வேட்டித் துண்டையும் மேசையில் போட்டார். காய்ந்திருந்த ஒரு மூலையில் இன்னொரு சொட்டு விட்டார். சொட்டு விழுந்ததைக் கண் பார்த்தது. அதற்குள் அது இல்லை. நூல் வழியே ஓடி, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரம் விரிந்துவிட்டது. போர் பம்பில் சோப்புக் கட்டி போட்டுக் கல்லில் அடித்துத் துவைத்த வேட்டி. மெஷின் பார்த்ததில்லை, நீலக் கேன் பார்த்ததில்லை.

திருவக்கரைக்குக் கோயிலுக்குப் போகிறவர்கள் அப்படியே காலங்காலமாகக் கிடந்து கல்லாகிப்போன கல்மரமும் பார்த்துவிட்டு வருவார்கள். நானும் பார்த்திருக்கிறேன். பட்டை இருக்கும், ரேகை இருக்கும், யார் பார்த்தாலும் மரம் என்றுதான் சொல்வார்கள். தண்ணீரை ஊற்றினால் வழிந்து ஓடிவிடும், ஏனென்றால் அது கல். அந்த மேசைமேல் கிடந்த என் துண்டைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கல்மரம்தான் ஞாபகம் வந்தது.

"வியாழக்கெழம காலைல மயிலத்துப் பொண்ணுக்கு ஆப்ரேஷன். ரெட்டைக் கொழந்த. மாசம் முழுசா ஆவல. ரெண்டும் சின்னதுங்க" என்றார் சிஸ்டர். "நாளைக்குச் சாய்ங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாத்தையும் ஆவில கிருமி சாவ ஆட்டோகிளேவ்ல போடுவேன். அதுக்குள்ள தண்ணி குடிக்கிற துண்டு என் கைக்கு வரணும். வரலன்னா சொல்லிடு. ரெட்டைக் கொழந்தைக்கு நான் யாரு வேட்டிய கிழிக்கறது?"

3. முதலாளியின் கைக்குட்டை

நர்சிங் ஹோமில் இருந்த அறுபது துண்டுகளையும் திரும்ப வண்டியில் ஏற்றினேன். விக்கிரவாண்டி வரைக்கும் மூடிகளைத்தான் எண்ணிக்கொண்டு வந்தேன். மூன்று மூடி. யாரும் ஊற்றச் சொல்லவில்லை. நானாக ஊற்றினேன். அந்தக் கால் மணி நேரம் சிஸ்டர் கதவைத் திறக்காமல் இருந்ததே, அது மட்டும் மனதில் சுற்றிச் சுற்றி வந்தது.

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"அந்த சிஸ்டருக்கு எப்பவுமே ஏதாவது ஒரு கொற சொல்லணும். இவ்ளோ சாஃப்ட்டா, இவ்ளோ வாசனையா எவன் குடுக்கறான்? சாஃப்ட்னர நிறுத்தினா மறுபடி மொரமொரன்னு ஆயிடும். லாட்ஜ்காரன் மூட்டைய தூக்கி மூஞ்சில அடிப்பான்."

"சார், நான் ஒண்ணு சொல்லணும். ஒரு மூடி இல்ல. மூணு மூடி ஊத்திக்கினு இருந்தேன்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "கேனு ஏன் இவ்ளோ ஜல்தியா காலி ஆவுதுன்னு பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. திட்டவில்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. "சார், கொஞ்சம் மூஞ்சி கழுவிக்கினு வர்றீங்களா?"

"எதுக்கு?"

"கழுவிக்கினு வாங்களேன்."

குழாயடியில் முகம் கழுவி வந்தார். அலமாரியிலிருந்து எங்கள் உயர்ந்த ரகத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினேன். துடைத்தார். நெற்றித் தண்ணீர் கன்னத்துக்கு வந்தது. மறுபடி துடைத்தார். கன்னத்துத் தண்ணீர் கழுத்துக்குப் போனது. துண்டைத் திருப்பிப் பிடித்துத் துடைத்தார். மீசையில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. மூன்று முறை துடைத்த பிறகு, தன்னையறியாமல் கால்சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வீட்டில் அவர் மனைவி சோப்புப் போட்டுத் துவைத்த கைக்குட்டை.

துடைத்து முடித்த பிறகுதான் தன் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். கைக்குட்டையைப் பார்த்தார், தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். பாக்கியம் அக்கா வாஷருக்குப் பின்னால் போய் நின்று சிரித்தார். அக்கா சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

"சரிம்மா" என்றார் முதலாளி. "இன்னா வேணும் சொல்லு."

4. துண்டு நுரை கக்கியது

சாஃப்ட்னர் என்பது நூலின் மேல் மெழுகு மாதிரி ஒரு பூச்சு. கைக்கு வழவழப்பாக இருப்பது அந்தப் பூச்சுதான், துணி இல்லை. கெமிக்கல் விற்றவருக்கு போன் போட்டுக் கேட்டேன். ஒரு மூடி என்று தான் சொன்னதை நான்கு முறை நினைவூட்டினார். பிறகு மனது இறங்கி, சூடான தண்ணீரில் கொஞ்சம் பவுடர் போட்டுத் துவைத்து, நிறைய அலசினால் ஒவ்வொரு தடவையாகப் போகும் என்றார். ஒரே தடவையில் போகாது என்றும் சொன்னார்.

செவ்வாய் மதியம் முதல் லோடு. வெந்நீர், பாதி அளவு பவுடர், சாஃப்ட்னர் கிடையாது. ஒரு துண்டைக் காயவைத்துச் சொட்டு விட்டேன். நின்றது.

"பவுடரே போடாம ஒரு தடவ ஓட்டிப் பாக்கலாமாக்கா?" என்று கேட்டேன். வெறும் வெந்நீரில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கிற ஆசை.

பாக்கியம் அக்கா பட்டனை அழுத்தினார். நாங்கள் இருவரும் வாஷரின் கண்ணாடி வட்டத்துக்கு முன்னால் குனிந்து நின்றோம். முதலில் தண்ணீர் தெளிவாக இருந்தது. டிரம் நான்கு சுற்று சுற்றியது. கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு. பிறகு அது பொங்கியது. ஒரு சிட்டிகை பவுடர் போடாத தண்ணீரில், பாதிக் கண்ணாடி வரைக்கும் நுரை.

"அய்ய, இன்னாடி இது! துண்டு நுர கக்குது!" என்று அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார்.

எத்தனை மாதத்துப் பவுடர் அது! துவைத்துச் சுத்தம் செய்ததாக நாங்கள் ஓகே போட்டு அனுப்பிய ஒவ்வொரு துண்டுக்குள்ளும் அது இருந்திருக்கிறது. வெள்ளைவெளேர் என்று, வாசனையோடு, மடிப்புக் கலையாமல் இருந்த துணிக்குள் இவ்வளவு அழுக்கா! நாங்கள் போட்டதே அழுக்காகிவிட்டிருந்தது.

அந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான் எனக்கு முழுக் கணக்கும் விளங்கியது. துண்டு மொரமொரத்தது பவுடர் அதிகமானதாலும் அலசல் போதாததாலும். அதைக் குறைக்காமல், அதன் மேலேயே வழவழப்பைப் பூசியிருக்கிறேன். சொறி வந்த இடத்தில் பவுடர் அடித்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற கதைதான்.

நுரை அடங்கும் வரை வெறும் தண்ணீரில் அலசிக்கொண்டே இருந்தோம். ஐந்து ரின்ஸ். கடைசி ரின்ஸில் மளிகைக் கடையில் வாங்கிய எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் ஆசிடைக் கரைத்து ஊற்றினோம். உப்புத் தண்ணீர் துணியில் விடுகிற கல் படிவத்தையும் மிச்சப் பவுடரையும் அந்தப் புளிப்பு கரைத்து இழுத்துக்கொண்டு போகும். வீட்டில் என்றால் ஒரு சின்னக் கிண்ணம் வெள்ளை வினிகர் அதே வேலையைச் செய்யும்.

புதன்கிழமை காலை இன்னொரு முறை வெந்நீர், இன்னொரு முறை அலசல். துண்டுகளை ட்ரையரில் போடாமல் மாடிக்குத் தூக்கிப் போனோம். கொடியில் போடும் முன்பு ஒவ்வொன்றையும் இரண்டு கையால் பிடித்து இரண்டு முறை படார் படார் என்று உதறினோம். உதறினால் அமுங்கிக் கிடக்கிற நூல் வளையங்கள் எழுந்து நிற்கும். அன்றைக்கு நல்ல காற்று. அறுபது வெள்ளைத் துண்டுகள் மாடி முழுக்க அடித்துக்கொண்டன. முதலாளியும் மேலே வந்து நின்று பார்த்தார். அப்படி அவர் மேலே வந்து நான் பார்த்ததில்லை. முக்கால்வாசி காய்ந்ததும் எடுத்து ட்ரையரில் பத்து நிமிடம் மட்டும் ஓட்டினோம்.

மதியம் இரண்டு மணி. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். முதல் துண்டை மடியில் விரித்தேன். விரலை நனைத்தேன். அந்தத் துண்டின் மேல் ஒரு சொட்டு விட எனக்கு அவ்வளவு பயம்.

சொட்டு விழுந்தது. காணோம்.

ஒரு துணி தண்ணீரைக் குடிப்பதை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை என்று அப்போது தோன்றியது. பிறந்ததிலிருந்து துண்டு பயன்படுத்துகிறேன், வருடக்கணக்கில் துண்டு துவைக்கிறேன், ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. சொட்டு விழுந்த இடத்தில் நூல் லேசாகக் கறுத்து, அந்தக் கறுப்பு நாலா பக்கமும் மெல்ல நடந்து போகிறது. யாரும் தள்ளவில்லை, யாரும் இழுக்கவில்லை. பருத்திச் செடியில் இருந்தபோது எப்படித் தண்ணீரைத் தேடியதோ அப்படியே இன்னும் தேடுகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். படித்தவர்கள் வேறு காரணம் சொல்லலாம். எனக்கு அன்று மயிர்க்கூச்செறிந்தது.

அறுபதுக்கும் சொட்டு விட்டுப் பார்த்தேன். நான்கு துண்டுகளில் சொட்டு நின்றது. அவற்றைத் தனியே வைத்தேன். ஐம்பத்தாறு துண்டுகள் நான்கரை மணிக்கு ஸ்டெல்லா சிஸ்டர் கையில் இருந்தன.

சிஸ்டர் ஒன்றை எடுத்தார். நான் எதிர்பார்த்தபடியே பழக்கதோஷத்தில் அதைத் தொட்டுத் தடவினார்.

"கொஞ்சம் சொரசொரன்னு இருக்கும் சிஸ்டர்" என்றேன், குற்றவாளி மாதிரி.

"இருக்கட்டுமே. பொறந்ததும் நல்லா தேச்சித் தொடைக்கணும். அப்பதான் நெஞ்ச விரிச்சி அழும்" என்றார். பிறகு தம்ளரை நோக்கிக் கையை நீட்டினார்.

5. கனம்

வியாழக்கிழமை காலை வேலைக்குப் போகிற வழியில் நர்சிங் ஹோமுக்குள் நுழைந்துவிட்டேன். யாரும் என்னை வரச் சொல்லவில்லை. லாண்டரிக்காரிக்கு அங்கே என்ன வேலை? ஆனால் பஸ்ஸில் ஏறி விழுப்புரம் போக என் கால் வரவில்லை.

ஆப்ரேஷன் தியேட்டர் வாசல் வராந்தாவில் மயிலத்துப் பெண்ணின் புருஷன் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் பழைய வேட்டி எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் அவமானம். சாமி, அந்தப் பை திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

ஒன்பதரை இருக்கும். ஒரு அழுகை கேட்டது. சின்னக் குரல், பூனைக்குட்டி மாதிரி. கதவு திறக்கவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். இன்னொரு அழுகை. இது முதல் குரலைவிடப் பெரிது. கதவு அப்போதும் திறக்கவில்லை. அந்த ஆள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. இருந்தாலும் இரண்டு பேரும் ஒரே கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கதவு திறந்தபோது சிஸ்டர் அவரிடம்தான் முதலில் போனார். "ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க. ரெண்டும் நல்லா இருக்குதுங்க. உங்க வீட்டம்மாவும் நல்லா இருக்காங்க. வேட்டி வேணாம், வீட்டுக்கு எட்த்துக்கினு போங்க." அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார்.

அப்புறம் சிஸ்டர் என்னைப் பார்த்தார். "நீ இங்க இன்னா பண்ணிக்கினு இருக்கே? சரி, வந்ததுதான் வந்தே. கிளவுஸ் போட்டுக்கோ."

ஒரு ஜோடி கையுறையைக் கொடுத்தார். போட்டுக்கொண்டேன். டிரேயிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் இரண்டு கையிலும் வைத்தார்.

"தூக்கிப் பாரு."

கனமாக இருந்தது. ஈரத் துணியின் கனம் எனக்குத் தெரியாததா? மூட்டை மூட்டையாகத் தூக்கியவள். ஆனால் இது வேறு. ஒரு குழந்தை இத்தனை மாதம் மிதந்துகொண்டிருந்த தண்ணீர் அது. உடம்போடு ஒட்டி வந்த அந்தத் தண்ணீர் முழுக்க இப்போது இந்தத் துண்டுக்குள் இருக்கிறது. குழந்தையின் மேல் இல்லை. அங்கே உள்ளே அது காய்ந்த உடம்போடு, அம்மாவின் பக்கத்தில் சூடாகப் படுத்திருக்கிறது.

"ஒரே துண்டு" என்றார் சிஸ்டர். "ஒண்ணுக்கு ஒண்ணு. அவ்ளோதான்."

6. வீட்டில் துவைக்கிறவர்களுக்கு

சாஃப்ட்னர் விஷம் இல்லை. நான் அதன் எதிரியும் இல்லை. சிந்தெடிக் புடவை உடம்பில் ஒட்டிக்கொண்டு சடசடக்கிறதா, திரைச்சீலை வாசனையாக இருக்க வேண்டுமா, சொன்ன அளவுக்கு ஊற்றுங்கள், தப்பில்லை. குடிக்க வேண்டிய துணிக்கு மட்டும் வேண்டாம். துண்டு, குழந்தைத் துணி, சமையலறையில் கை துடைக்கிற துணி, மாப் துணி, வியர்வை உறிஞ்சும் பனியன். இவற்றுக்கு மெழுகு பூசினால் அவற்றின் வேலையையே பிடுங்கியதாகிவிடும்.

மொரமொரப்புதான் பிரச்சினை என்றால் முதலில் பவுடரைப் பாதியாகக் குறையுங்கள். ஒரு ரின்ஸ் கூட ஓட்டுங்கள். எப்போதாவது கடைசி ரின்ஸில் கொஞ்சம் வெள்ளை வினிகர். பிளீச்சிங் போடுகிற அன்று மட்டும் வினிகரைத் தொடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் வருகிற புகை மூச்சை அடைக்கும். கொடியில் போடும் முன் நன்றாக உதறுங்கள். நம் ஊர்க் காற்று பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் வீட்டுத் துண்டு சரியாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் கன்னத்தில் வைக்காதீர்கள், விரலை நனைத்து ஒரு சொட்டு விடுங்கள்.

நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். ஒரு துணி எனக்கு எப்படி இருக்கிறது என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அது யாருக்காகப் போகிறது, அங்கே போய் அது என்ன செய்ய வேண்டும் என்று கேட்கவே இல்லை. என் கன்னத்துக்கு இதமாக இருந்ததால் எல்லாம் சரி என்று நினைத்தேன். அந்த நினைப்பால் ஒரு குழந்தை கை கால் நீலம் பாரித்துக் கிடந்தது.

எங்கள் லாண்டரியில் இப்போது துண்டுக்குச் சாஃப்ட்னர் கிடையாது. லாட்ஜ்காரர்கள் மூட்டையை யார் முகத்திலும் அடிக்கவில்லை. மொரமொரப்பு பற்றி இரண்டு பேர் கேட்டார்கள். முதலாளி அவர்களுக்கு முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தார்.

திண்டிவனம் நர்சிங் ஹோம் மூட்டை இப்போதெல்லாம் வண்டியிலிருந்து இறங்கும்போது முன்பைவிடக் கனக்கிறது. இறக்குகிறவர்கள் முனகுகிறார்கள், ஒரே மூட்டையை இரண்டாகக் கட்டி அனுப்பச் சொல்லச் சொல்கிறார்கள். நான் கையுறையைப் போட்டுக்கொண்டு, அந்த மூட்டையை ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மெஷினில் போடச் சொல்வேன்.